இரண்டாவது ஏலதாரர்

ஈஜிபுரா, பெங்களூரு,
3 பிப்ரவரி 2025

சேஷகிரி சாருக்கு,

வணக்கம். காது மந்தம், போனில் பேசினால் பாதி புரிவதில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறீர்கள். அதனால் வழக்கம்போல மின்னஞ்சலிலேயே எழுதுகிறேன்.

நிலம் அளக்கும் அந்தத் தியோடலைட் கருவியின் ஏலம் முடிந்து ஒரு வாரம் தாண்டிவிட்டது. நீங்கள் கடைசியாக 31,000 ரூபாய் கேட்டீர்கள். தேஜஸ் என்ற பெயரில் இருந்தவர் 31,500 கேட்டு ஜெயித்தார். ஜெயித்த பிறகு ஆளைக் காணோம். நான்கு நாளுக்குள் பணம் கட்ட வேண்டும் என்பது ஏலத் தளத்தின் விதி. இரண்டு முறை நினைவூட்டினேன். படித்துவிட்டார் என்று காட்டுகிறது, பதில் இல்லை. பணம் வரவில்லை என்று நேற்று தளத்தில் புகார் பதிந்துவிட்டேன்.

இந்த மாதிரி சமயத்தில் இரண்டாவதாக நின்றவருக்கு, அவர் கடைசியாகக் கேட்ட விலைக்கே பொருளைக் கொடுக்கலாம். அந்த இரண்டாவது ஆள் நீங்கள். டிசம்பரில் மட்டம் பார்க்கும் லெவல் கருவிக்கும் இதேதான் நடந்தது. அப்போது ஜெயித்துவிட்டு மறைந்தவர் பெயர் அஷ்வத். நீங்கள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டீர்கள்.

வேண்டாம் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், மறுபடி ஏலத்தில் போடுகிறேன். சீக்கிரம் சொன்னால் உதவியாக இருக்கும். வீட்டு ஓனர் லீஸ் தொகையை ஏற்றிக் கேட்கிறார் என்று போன மாதம் எழுதியிருந்தேன். அது இன்னும் முடியவில்லை. உங்கள் கருவி அதன் தேக்குப் பெட்டியோடு என் தம்பி நாகேஷின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவன் கால் நீட்டிப் படுத்துப் பத்து நாளாகிறது.

இப்படிக்கு,
சங்கமித்ரா


மல்லேஸ்வரம்,
4 பிப்ரவரி 2025

சங்கமித்ரா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சில விஷயங்களை ஒளிவுமறைவின்றி எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது என்று நினைக்கிறேன்.

மேற்படி ஏலம் ஒன்பதாயிரத்தில் தொடங்கியது. பதினான்காயிரம் வரை நானும் புனேயிலிருந்து ஒருவரும் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம். புனேக்காரர் விலகினார். அதற்குப் பிறகுதான் இந்தத் தேஜஸ் வந்தார். அந்தத் தளத்தில் அவர் அதுவரை ஒரு குண்டூசிகூட வாங்கியதில்லை. நான் ஏற்ற ஏற்ற அவரும் ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றினார். முப்பத்தோராயிரத்துக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் காணாமல் போனார். இப்போது அந்த விலைக்கு நீங்கள் என்னிடம் வருகிறீர்கள். டிசம்பரிலும் அஷ்வத் என்று ஒருவர் இதே வேலையைச் செய்தார். அவரும் புதுக் கணக்கு.

நான் கர்நாடக நீர்ப்பாசனத் துறையில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவன். டெண்டர் பெட்டியைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன். ஒரே ஒப்பந்ததாரர் மச்சினன் பெயரில் இன்னொரு டெண்டர் போடுவதுண்டு. அதற்கு டம்மி டெண்டர் என்று பெயர். உங்கள் ஏலத்தில் நான் பார்த்தது அதைத்தான் நினைவுபடுத்துகிறது. நீங்கள்தான் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. இல்லை என்று நம்புவதற்கும் வழி தெரியவில்லை.

தேஜஸ் வராமல் இருந்திருந்தால் நான் 14,500 ரூபாய்க்கு வாங்கியிருப்பேன். அந்த விலைக்குத் தருவதானால் சம்மதம்.

இப்படிக்கு,
வி. சேஷகிரி


ஈஜிபுரா,
5 பிப்ரவரி 2025

ஐயா,

எனக்கு மச்சினன் கிடையாது. இருக்கிற ஒரு தம்பிக்கும் இந்தத் தளத்தில் கணக்கு கிடையாது.

பணம் கட்டாமல் ஓடும் ஆளால் விற்பவளுக்கு லாபம் என்று நினைக்கிறீர்கள். என் பக்கத்தில் வந்து பாருங்கள். ஏலம் போட்ட கட்டணம் போனது போனதுதான். பொருள் வாங்கப் போட்ட கைக்காசு முடங்கிக் கிடக்கிறது. ஏலத்தில் கேட்டுத் தோற்ற மற்றவர்கள் வேறு பொருளுக்குப் போய்விட்டார்கள். இதே பொருளை மறுபடி போட்டால், ஏன் திரும்பி வந்தது, உடைசலா என்று சந்தேகப்பட்டுக் குறைத்துத்தான் கேட்பார்கள். பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசர் வேலை போன பிறகு எனக்கு இதுதான் சோறு. இதில் பொய் ஆளை நிறுத்தினால் என் பெயர் எத்தனை நாள் நிற்கும்?

தேஜஸ் யார் என்று எனக்குத் தெரியாது. பணம் கட்டினால்தான் விலாசமே எனக்குத் தெரியவரும். அஷ்வத்தை டிசம்பரிலேயே தடுத்துவிட்டேன். இனிமேல் ஒரு பொருளாவது வாங்கிப் பணம் கட்டியவர் மட்டுமே என் ஏலத்தில் கேட்க முடியும் என்று நேற்று மாற்றி வைத்துவிட்டேன்.

14,500க்குத் தர மாட்டேன். அந்த விலை எனக்கு நஷ்டம் இல்லை. ஆனால் கொடுத்தால், நீங்கள் எழுதியதை நான் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

சங்கமித்ரா


ஈஜிபுரா,
11 பிப்ரவரி 2025

ஐயா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. நான் எழுத வேண்டியதாகிவிட்டது.

நேற்று காலை தளம் என் கணக்கை முடக்கிவிட்டது. தேஜஸ் என் மேல் எதிர்ப் புகார் கொடுத்திருக்கிறார். நான் மோசடிக்காரியாம், அதனால்தான் அவர் பணம் கட்டவில்லையாம். வேறு மூன்று பேர் வாங்கிய சாமானுக்குக் கட்டிய பணமும் விசாரணை முடியும்வரை தளத்திலேயே நிற்கிறது. ஓனர் வந்து வாசலில் நின்று, "ஏனம்மா, துட்டு ரெடியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

புகாரை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டு லீஸ் பிரச்சினை என்று கதை சொல்லி நான் வயதானவர்களிடம் பணம் பார்க்கிறேனாம். லீஸ் விஷயத்தை இந்தத் தளத்தில் வாங்குகிறவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் எழுதினேன். அது நீங்கள். முன்பணமாக அனுப்பட்டுமா என்று நீங்கள் கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது.

உங்கள் துறையில் டம்மி டெண்டர் இருப்பதுபோல எங்கள் தொழிலிலும் ஒரு வித்தை உண்டு. ஒரே ஆள் இரண்டு கணக்கில் வருவார். ஒன்றில் நியாயமாகக் கேட்பார். இன்னொன்றில் கண்டபடி ஏற்றி மற்றவர்களை விரட்டுவார். ஏலம் முடிந்ததும் பெரிய விலை கேட்டவர் ஓடிவிடுவார். பிறகு நல்ல பெயரில் இருப்பவர் வந்து, அது பொய் ஏலம், பழைய விலைக்குக் கொடு என்பார். நீங்கள் கேட்ட 14,500ஐ இப்போது எப்படிப் பார்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

தேஜஸ் நீங்கள்தானா?

சங்கமித்ரா


மல்லேஸ்வரம்,
12 பிப்ரவரி 2025

அம்மா,

எழுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு கேள்வியைப் படிப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. பதில்: இல்லை. தளத்தில் எனக்கு ஒரே கணக்குதான். அதையே என் மகள் ஸ்னேஹாதான் திறந்து கொடுத்தாள்.

இரண்டு கணக்கு வைத்துக்கொண்டு என்னோடு நானே போட்டி போடும் அளவுக்கு எனக்குக் கைப்பேசி பழக்கமும் இல்லை.

ஆனால் லீஸ் விஷயம் எனக்கு மட்டும்தான் எழுதப்பட்டது என்பது உண்மையானால், அது எப்படி வெளியே போனது என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும். அந்தப் புகாரை முழுதாக, ஒரு சொல்லும் விடாமல் அனுப்புங்கள்.

வி. சேஷகிரி


ஈஜிபுரா,
13 பிப்ரவரி 2025

ஐயா,

புகார் ஆங்கிலத்தில் இருக்கிறது. தனியாக இணைத்திருக்கிறேன். கண்ணுக்குச் சிரமமாக இருந்தால், சாரம் இதுதான்: இந்தப் பெண் பழைய அளவைக் கருவிகளை எங்கிருந்தோ கொண்டுவந்து விற்கிறாள். அவை திருட்டுப் பொருளாக இருக்கலாம். சமீபத்தில் மனைவியை இழந்து தனியாக இருக்கும் பெரியவர்களைக் குறிவைத்துத் தமிழில் அன்பாக எழுதிப் பழகுகிறாள். வீட்டு லீஸ் என்று கஷ்டம் சொல்கிறாள். முதியோர் இவளிடம் ஏமாறாமல் தளம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்பாக எழுதினேனாம். பார்சலில் என்ன இருக்கிறது, எப்படிப் பிரிக்க வேண்டும், எந்தத் திருகைத் தொடக்கூடாது, இதற்கு மேல் நான் உங்களுக்கு என்ன எழுதினேன்?

மனைவியை இழந்தவர் என்று யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் வாங்குகிறவர்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று நான் கேட்பதில்லை.

சங்கமித்ரா


மல்லேஸ்வரம்,
17 பிப்ரவரி 2025

சங்கமித்ரா அவர்களுக்கு,

தியோடலைட்டைத் தேஜஸ் கேட்ட 31,500 ரூபாய்க்கே வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறேன். தாங்கள் அடைந்த சிரமத்துக்காக மேற்கொண்டு ஐயாயிரம் சேர்த்து அனுப்பவும் தயாராக இருக்கிறேன். வங்கி விவரம் தெரிவித்தால் நாளையே பணம் வந்துவிடும். தேஜஸ் மீது கொடுத்த புகாரைத் தாங்கள் திரும்பப் பெற்றுக்கொண்டால் எல்லாம் இத்துடன் முடிந்துவிடும். இருவருக்கும் மேற்கொண்டு மனவருத்தம் வேண்டாம்.

தங்களைத் தவறாக எண்ணியதற்கு வருந்துகிறேன்.

வி. சேஷகிரி


ஈஜிபுரா,
18 பிப்ரவரி 2025

சேஷகிரி சார்,

இரண்டு வாரத்துக்கு முன் பதினாலரைக்கு மேல் ஒரு ரூபாய் தர மாட்டேன் என்றவர், இன்று முப்பத்தாறாயிரத்துக்கு மேல் தருகிறேன் என்கிறீர்கள். நடுவில் அந்தப் புகாரை முழுதாகப் படித்திருக்கிறீர்கள். தேஜஸ் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியக்கூடாது என்று பணம் தருகிறீர்கள்.

அந்தப் பணத்தை வாங்கினால் புகாரில் எழுதியது அப்படியே உண்மையாகிவிடும் அல்லவா? கஷ்டம் சொன்னாள், பெரியவர் பணம் கொடுத்தார். தளத்துக்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

பணம் என் கணக்கைத் திறக்காது சார். கேட்டுப் பார்த்துவிட்டேன். புகார் கொடுத்தவரே அது பொய் என்று எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் விசாரணை முடிய இரண்டு மாதம் ஆகலாமாம். அதுவரை ஓனர் வாசலில் நிற்பார்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் மின்னஞ்சலை உங்களைத் தவிர வேறு யார் படிக்கிறார்கள்? இதையும் அவர் படித்துக்கொண்டிருந்தால் அவருக்கும் என் வணக்கம்.

சங்கமித்ரா


மல்லேஸ்வரம்,
20 பிப்ரவரி 2025

சங்கமித்ரா அவர்களுக்கு,

நேற்று கடவுச்சொல்லை மாற்றினேன். கீழ் வீட்டு ரித்விக் வந்து உதவினான். எனவே இதை உங்களைத் தவிர வேறு யாரும் படிக்க மாட்டார்கள்.

என் மனைவி ஜகதாம்பாள் போன ஆண்டு ஆகஸ்டில் காலமானாள். அதை நான் உங்களுக்கு எழுதவில்லை. எழுதவில்லை என்பதை என் கடிதங்கள் எல்லாவற்றையும் திரும்பப் படித்து உறுதிசெய்துகொண்டேன். ஆக, அந்தப் புகாரை எழுதியவருக்கு உங்கள் கடிதமும் தெரியும், என் வீடும் தெரியும். அப்படிப்பட்டவர் ஒருவர்தான் இருக்கிறார்.

ஸ்னேஹா ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் மாப்பிள்ளை ஷ்ரேயாஸோடு சாப்பிட வருவாள். பென்ஷன் வேலைக்காக என் மின்னஞ்சலைத் தன் கணினியில் திறந்தவள் மூடவே இல்லை. போன ஞாயிறு சாப்பாடு ரசத்துக்கு வந்தபோது கேட்டேன்.

"தேஜஸ் யாரும்மா?"

அவள் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான்தாம்ப்பா" என்றாள்.

"அஷ்வத்?"

"அதுவும் நான்தான். வேற எப்படி நிறுத்தறது? சொன்னா கேக்கறேளா? அம்மா போனதுலேர்ந்து மாசம் ஒரு பித்தளை பெட்டி வருது. ஹால்ல நடக்க எடமில்ல. நான் மேல கேட்டா உங்களுக்குக் கிடைக்காது, விட்டுடுவேள்னு நெனைச்சேன்."

ஜெயித்தவர் பணம் கட்டாவிட்டால் பொருள் இரண்டாவது ஆளிடமே வரும் என்று டிசம்பரில் அவளுக்குத் தெரியவில்லை. என்னைத் தடுக்கப் போய், அவளால் நான் அதிக விலை கொடுத்தேன். இந்த முறை உங்களையே தளத்திலிருந்து அகற்றிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறாள். அந்தப் பெண்மணி யார் என்று பார்த்தாயா, விசாரித்தாயா என்று கேட்டேன். ஏதோ சொன்னாள். மாப்பிள்ளை மோர் கேட்டார். பேச்சு அதோடு நின்றது.

இனி என் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்னேஹா பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். போலிக் கணக்குகளைக் கண்டுபிடிப்பதுதான் அவள் பிரிவின் வேலை. அவளே போலிக் கணக்கு வைத்திருந்தாள் என்று எழுத்தில் வந்தால் அவள் வேலை என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் பணத்தோடு முடிக்கப் பார்த்தேன். வேறு வழி உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள்.

வி. சேஷகிரி


ஈஜிபுரா,
22 பிப்ரவரி 2025

சேஷகிரி சார்,

உங்கள் வீட்டு அம்மா காலமானது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்போதே ஒரு வரி எழுதியிருப்பேன். அதையும் கபடம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் ஓர் இடம் மட்டும் வழுக்குகிறது. ரசம், மோர் என்று எல்லாம் வரிசையாக வருகிறது. உங்கள் மகள் பேசியதெல்லாம் அப்படியே வருகிறது. என்னைப் பற்றிக் கேட்டதும் "ஏதோ சொன்னாள்" என்று ஆகிவிட்டது. உங்களுக்குக் காது மந்தம்தான். ஆனால் அதற்கு முந்தைய வரிகள் நன்றாகவே கேட்டிருக்கின்றன.

என்ன சொன்னார்?

வேறு வழி கேட்டீர்கள். உங்கள் மகளின் வேலை போக வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் வேலையைக் காப்பாற்ற என் வேலை போக வேண்டும் என்றால், அதற்கு நான் ஏன் சம்மதிக்க வேண்டும்? மோசடிக்காரி என்ற சொல் என் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நாகேஷ் வேலை செய்கிற இடத்தில், மூடுகிற ஆபீஸ்களைக் காலி செய்து பழைய சாமான் எடுக்கும் கடையில், திருட்டுப் பொருள் என்ற பேச்சு போனால் அவனையும் அனுப்பிவிடுவார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரட்டும். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் ஏலத்தின் விவரத்தை எடுத்துப் பார்த்தேன். அஷ்வத் வராவிட்டால் லெவல் கருவி உங்களுக்கு மூவாயிரத்து அறுநூறு ரூபாய் குறைவாகக் கிடைத்திருக்கும். கணக்கு திறந்ததும் அதை அனுப்பிவிடுவேன். திருப்பி அனுப்பாதீர்கள். உங்களுக்காகச் செய்யவில்லை.

சங்கமித்ரா


மல்லேஸ்வரம்,
26 பிப்ரவரி 2025

சங்கமித்ரா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன்.

ஸ்னேஹா சொன்னது இது: "அப்பா, யூ டோன்ட் நோ தீஸ் பீப்பிள். பேரையும் ஏரியாவையும் பாத்தாலே தெரியல? எங்கேர்ந்து எடுத்துண்டு வராளோ."

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு மோரை நகர்த்தி வைத்தேன். நான் எழுதாமல் தாண்டியது அவள் சொன்னதை அல்ல, என் மௌனத்தை. உங்களுக்கு எழுதிய முதல் கோபக் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். புனேக்காரர் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஈஜிபுரா மேல்தான் வந்தது. மகளுக்கும் எனக்கும் இதில் பெரிய தூரம் இல்லை.

திங்கட்கிழமை ஸ்னேஹாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தளத்துக்கு உண்மையை எழுதப்போகிறேன் என்றேன். காதில் சரியாக விழவில்லை என்று சொல்ல முடியாதபடி தெளிவாகப் பேசினாள். "எழுதுங்கோ. அப்புறம் ஞாயித்துக்கெழமை நாங்க வரமாட்டோம்" என்றாள். செவ்வாயன்று எழுதி அனுப்பிவிட்டேன். அஷ்வத், தேஜஸ் இரண்டும் என் மகள் ஸ்னேஹாவின் கணக்குகள், புகாரில் உள்ளது எதுவும் உண்மையல்ல, நான் ஏமாற்றப்படவில்லை என்று எழுதினேன். பிரதி இணைத்திருக்கிறேன்.

இன்று தளத்திலிருந்து பதில் வந்தது. கணக்குக்கு உரியவரின் வாக்குமூலமும் வேண்டுமாம். அவளுக்கும் எழுதியிருக்கிறார்கள். அவள் மறுத்தால் என் கடிதம் மட்டும் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. இனி என் கையில் இல்லை.

வி. சேஷகிரி


ஈஜிபுரா,
10 மார்ச் 2025

சேஷகிரி சார்,

கணக்கு இன்று திறந்துவிட்டது. நிறுத்தி வைத்த பணமும் வந்துவிட்டது. ஓனரிடம் பாதியைக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மகள் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை அவர் இங்கே வந்தார். தண்ணீர் லாரி நின்றிருந்ததால் சந்துக்குள் கார் வரவில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். ஏலக் கணக்கில் இருக்கும் விலாசம்தானே, கண்டுபிடித்துவிட்டார்.

"நீங்கதான் சங்கமித்ராவா?"

"ஆமா. நீங்க?"

"சேஷகிரியோட பொண்ணு."

உள்ளே வாங்க என்றேன். செருப்பைக் கழற்றாமல் நிலைப்படி வரைக்கும் வந்து நின்றார். சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார்.

"இதெல்லாம் எங்கேர்ந்து வருது?"

"மூடற ஆபீஸ்லேர்ந்து. என் தம்பி அங்க லோடு ஏத்தற வேலை. கடை ஓனருக்குத் துட்டு குடுத்துதான் எடுக்கறோம். எல்லாத்துக்கும் பில் இருக்கு. பாக்கறீங்களா?"

"காமிங்க."

காட்டினேன். ஒப்புக்குப் புரட்டுவார் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து, தேதியையும் கையெழுத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அதில் ஒன்றை மட்டும் இரண்டு முறை பார்த்தார். என் பொறுமை போய்விட்டது.

"போலீஸா நீங்க?" என்று கேட்டேன்.

"என் வேலையே இதுதான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் மாறியது. பில்களைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்பா உங்களுக்குத் தனியா ஏதாவது பணம் குடுத்தாரா?"

"குடுக்கறேன்னாரு. வேணாம்னுட்டேன். நம்பாட்டி அவரு லெட்டர் இருக்கு, படிங்க. நீங்கதான் படிப்பீங்களே."

தண்ணீர் கொடுத்தேன். பாட்டில் வைத்திருக்கிறேன் என்று கையிலிருந்ததைக் காட்டினார். அதில் ஒரு வாய்தான் மிச்சம் இருந்தது. வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வந்தவர். இதை உங்களுக்கு எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். நீங்கள் ஒரு வரியை எழுதாமல் தாண்டியதே போதும், நானும் தாண்ட வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

கிளம்பும் முன், அப்பா ஏலத்தில் கேட்டது எது என்றார். நாகேஷ் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்து காட்டினான். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அப்பா சைட்டுக்குப் போறப்போ ஜீப்ல இந்த மாதிரி ஒண்ணு இருக்கும். என்னத் தொட விடமாட்டார்" என்றார். பிறகு, "ஸ்டேட்மென்ட் நான் அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு நடந்து போனார். மன்னிப்பு கேட்கவில்லை. நானும் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

சொன்னபடி அனுப்பிவிட்டார். அது வரை சரி.

தியோடலைட்டை நேராக உங்களுக்கே கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். முடியாது. நாலு பேர் பார்க்க ஏலத்தில்தான் போகும். மார்ச் 23 ஞாயிறு இரவு எட்டு மணிக்கு முடிகிறது. வேண்டுமென்றால் கேளுங்கள்.

சங்கமித்ரா


மல்லேஸ்வரம்,
24 மார்ச் 2025

சங்கமித்ரா அவர்களுக்கு,

மூவாயிரத்து அறுநூறு வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பவில்லை.

தங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் ஸ்னேஹாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று ஞாயிறு அவர்கள் வரவில்லை. நேற்று மாலை அவள் மட்டும் வந்தாள். தன் மேலாளரிடம் தானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். வேலை போகவில்லை. அந்தப் பிரிவிலிருந்து எடுத்து வேறொரு மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதை அவள் கழிவறையில் முகம் கழுவிவிட்டு வந்து சொன்னாள்.

ஏலம் நடந்தபோது என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மைசூருவிலிருந்து நிருபமா என்பவரும் நானும் மாறி மாறி ஏற்றினோம். பதினெட்டாயிரத்தில் நான் தயங்கியதும், "உங்க இஷ்டம்ப்பா" என்றாள். பதினெட்டாயிரத்து ஐந்நூறு கேட்டேன். அந்த அம்மாள் பத்தொன்பது என்றார். நான் நிறுத்திக்கொண்டேன். ஹாலில் நடக்க இடமில்லை என்பது உண்மைதான்.

ஏலம் முடிந்ததும் ஸ்னேஹா, "இந்த நிருபமா யாரு? அவங்க ஆளா இருக்குமோ?" என்று கேட்டாள். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "அந்தப் பேச்சு இந்த வீட்டில் இனி வேண்டாம்" என்றேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். ஆனால் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அவள் கேட்பதற்கு ஒரு கணம் முன்னால் எனக்கும் அதே எண்ணம் வந்து போனது.

வி. சேஷகிரி


ஈஜிபுரா,
25 மார்ச் 2025

சேஷகிரி சார்,

மறைக்காமல் எழுதியதால் நானும் சொல்கிறேன். நீங்கள் பதினெட்டரையில் சட்டென்று நின்றதும் எனக்கும் அதே எண்ணம்தான். இந்த நிருபமாவும் உங்கள் வீட்டிலிருந்து வந்த பெயரோ என்று நினைத்தேன். இரவெல்லாம் அதுதான் ஓடியது. காலையில் நாகேஷ் எழுந்ததும், "பணம் வந்துச்சா?" என்றுதான் கேட்டான்.

வந்துவிட்டது. முழுப் பணம். நேற்று நீங்கள் எனக்கு எழுதிக்கொண்டிருந்த நேரத்திலேயே வந்திருக்கும். அந்த அம்மாள் மைசூருவில் ஒரு பாலிடெக்னிக்கில் சர்வே பாடம் எடுக்கிறாராம். பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று வாங்கியிருக்கிறார். பெட்டிக்கு வெளியே எத்தனை சுற்று அட்டை வைப்பீர்கள், குலுங்காமல் வருமா என்று இதற்குள் மூன்று முறை கேட்டுவிட்டார். அவருக்கும் என் மேல் சந்தேகம்தான். இது பழகிய சந்தேகம், வலிக்கவில்லை.

உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. மறுபடி முதலிலிருந்து செய்தாலும் ஏலத்தில்தான் போட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமைதான் பார்சல் எடுக்க வருகிறார்கள். அதுவரை கருவியை வெளியே எடுத்து, முக்காலியில் மாட்டி, மொட்டை மாடியில் நிறுத்தச் சொல்லி நாகேஷிடம் சொல்லியிருக்கிறேன். அனுப்பும் முன் எல்லாத் திருகும் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு அதில் கண் வைத்துப் பார்க்கத் தெரியாது. வாங்குவதற்கு இல்லை, பார்த்துச் சொல்வதற்கு வருவதானால் வாருங்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வந்தால் நல்லது.

விலாசத்தை எழுதவில்லை. உங்கள் மகளுக்கு வழி தெரியும்.

சங்கமித்ரா